இடுப்பில் நிற்கணும், விலாவில் ஏறக்கூடாது
கைட்சர்ஃபிங் கற்கும் பெண்களுக்கு ஏற்ற ஹார்னஸ் எது?



ராமேஸ்வரம் தீவுப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். வானத்தில் பெரிய பட்டம் ஒன்று நிற்கும். அதன் கயிற்றோடு ஒருவர் பலகை மேல் நின்று தண்ணீரில் வழுக்கிக்கொண்டே போவார். இதுதான் கைட்சர்ஃபிங். தென்மேற்குக் காற்றும் வாடைக் காற்றும் நன்றாக வீசுகிற கரை என்பதால் அங்கே இதைக் கற்றுக் கொடுக்கும் பள்ளிகளும் நடக்கின்றன. இலங்கையில் கற்பிட்டியும் இதற்குப் பேர் போன இடம்.

"இதெல்லாம் ஆம்பளைங்க விளையாட்டு, வெளிநாட்டுக்காரங்க விளையாட்டு" என்று ஒதுக்க வேண்டாம். 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் இது முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. பிரான்சின் மார்செய் கடலில் நடந்த பெண்கள் போட்டியில் பிரிட்டனைச் சேர்ந்த எலினர் ஆல்ட்ரிட்ஜ் தங்கம் வென்றார். கடலோரத்தில் பிறந்து, அலைக்குப் பயப்படாமல் வளர்ந்த நம் பெண்பிள்ளைகள் நாளைக்கு இதைக் கற்றுக்கொள்ளக் கேட்கலாம். கற்றுக் கொடுக்கும் வேலைக்கும் போகலாம்.

ஆனால் கற்கத் தொடங்கும் பெண்கள் பலர் சொல்லும் முதல் குறை என்ன தெரியுமா? "விலா எலும்பு வலிக்குது, மூச்சு முட்டுது. என் உடம்புக்கு இது ஒத்து வராது." குறை பெரும்பாலும் உடம்பில் இல்லை. கட்டியிருக்கும் பட்டையில்தான் இருக்கிறது. அந்தப் பட்டையைப் பார்த்து எடுப்பது எப்படி என்பதை இந்த இதழில் தெரிந்துகொள்வோம்.

ஹார்னஸ் என்றால் என்ன?

பட்டத்தின் இழுவையை வெறும் கையால் தாங்க முடியாது. 7 முதல் 12 சதுர மீட்டர் பரப்புள்ள பட்டம் அது. 20 மீட்டருக்கும் மேல் நீளமான கயிறுகளில் நிற்கும். கையால் பிடித்தால் சில நிமிடத்தில் தோள் விட்டுப்போகும். அதனால் உடம்பில் ஒரு கெட்டியான பட்டையைக் கட்டுகிறார்கள். அதற்குப் பெயர் ஹார்னஸ். பட்டையின் முன்னால் ஓர் உலோகக் கம்பி குறுக்காக இருக்கும். அதில் ஒரு கொக்கி. பட்டத்தின் வளையம் அந்தக் கொக்கியில் மாட்டப்படும். இழுவையை உடம்பு தாங்கும். கைக்கு வேலை பட்டத்தைத் திருப்புவது மட்டும்தான்.

பட்டை ஏன் மேலே ஏறுகிறது?

தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடக்காதவர் நம்மில் யார்? குடம் கீழ்நோக்கி அழுத்துகிறது. இடுப்பு எலும்பு கீழிருந்து தாங்கிக்கொள்கிறது. அதனால் குடம் நழுவுவதில்லை.

பட்டம் இதற்கு நேர் எதிர். அது மேல்நோக்கி இழுக்கும். பட்டையை மேலே போகவிடாமல் தடுக்க இடுப்பு எலும்பு உதவாது. இறுகக் கட்டிய எதுவும் இழுக்க இழுக்க அகலமான இடத்தை விட்டுக் குறுகலான இடத்துக்கு நகரும். பெண்களுக்கு இடுப்பு அகலம், அதற்கு மேலே வயிற்றுப் பகுதி குறுகல். ஆண்களுக்கென்று நேராகத் தைத்த பட்டையைக் கட்டினால் கீழே பிடிக்கும், மேலே இடைவெளி விடும். இழுவை வந்ததும் விலாவுக்கு ஏறிவிடும்.

புதிதாகக் கற்பவர்களுக்கு இந்தத் தொல்லை கூடுதல். காரணம், அவர்கள் பட்டத்தை அதிக நேரம் தலைக்கு மேலேயே நிறுத்தி வைப்பார்கள். கடிகாரத்தில் 12 மணி இருக்கும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இருக்கும்போது இழுவை நேராக மேல்நோக்கி வரும். பழகிய பிறகு பட்டம் முன்னால், பக்கவாட்டில் தாழ்ந்து நிற்கும். அப்போது பட்டை அவ்வளவாக ஏறாது.

ஏறிய பட்டையால் வருவது வலி மட்டுமல்ல, ஆபத்தும் உண்டு. கொக்கி மேலே போகும்போது கையில் பிடிக்கும் கட்டையும் அதோடு மேலே போய்விடும். கை குட்டையாக இருப்பவருக்கு எட்டிப் பிடிப்பது சிரமமாகிவிடும். சுருண்டு ஏறிய சட்டை அவசரத்தில் பட்டத்தைக் கழற்றிவிடும் பிடியை மறைத்துவிடலாம். எனவே "கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கோ" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

எந்த வகை நமக்குச் சரி?

முக்கியமாக இரண்டு வகை உண்டு.

1. தொடைப் பட்டையுள்ள வகை: அரைக்கால் சட்டை போல இருக்கும். இரண்டு தொடையைச் சுற்றியும் பட்டை வரும். அந்தப் பட்டைகள் கீழிருந்து பிடித்துக்கொள்வதால் இது மேலே ஏறாது. கொக்கி தாழ்வாக நிற்பதால் கட்டை கைக்கு எட்டும். முதுகுவலி உள்ளவர்கள் பலருக்கு இது இதமாக இருக்கும். குறை என்னவென்றால், தொடையில் உராயும், மாதவிலக்கு நாட்களில் தொந்தரவு கூடும், கழிப்பறைக்குப் போகக் கழற்றி மாட்ட நேரமாகும். தொடைப் பட்டையில் மெத்தென்ற உறை இருக்கிறதா என்று பாருங்கள்.

2. இடுப்பைச் சுற்றும் வகை: அகலமான பெல்ட் போன்றது. நடக்க, திரும்ப, காலை மடக்க வசதி. கழற்றி மாட்டுவதும் சுலபம். ஆனால் அளவு கொஞ்சம் தப்பினாலும் மேலே ஏறும். வாங்குவதானால் பெண்களுக்கென்றே வளைத்துத் தைத்ததைக் கேளுங்கள். அதில் மேல்பக்கம் குறுகலாகவும் கீழ்ப்பக்கம் அகலமாகவும் இருக்கும். விலாவுக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே தூரம் குறைவாக உள்ளவர்கள் உயரம் குறைந்த பட்டையாக எடுக்க வேண்டும். உயரமான பட்டையின் மேல்விளிம்பு விலாவில் குத்தும்.

அப்படியானால் எதில் தொடங்குவது? முதல் சில வகுப்புகளுக்குத் தொடைப் பட்டை வகை நல்லது. பட்டத்தைத் தாழ்த்தி ஓட்டப் பழகிய பிறகு இடுப்பு வகைக்கு மாறலாம். மாறித்தான் ஆகணும் என்றும் இல்லை. எது வலிக்காமல் நிற்கிறதோ அதுதான் உங்களுக்குச் சரி.

போட்டுப் பார்க்கும் முறை

தையல் தெரிந்த சகோதரிகளுக்கு இது சுலபமாகப் புரியும்.

• கடலுக்கு என்ன உடுத்துவீர்களோ அதையே போட்டுக்கொண்டு அளவு எடுங்கள். தொப்புள் மட்டத்தில் ஒரு சுற்று, இடுப்பின் அகலமான இடத்தில் ஒரு சுற்று. நடுத்தரம், பெரியது என்று போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும்.

• கட்டும்போது கீழ் வாரை முதலில் இறுக்குங்கள், பிறகு மேல் வார். கொக்கி தொப்புள் பக்கத்தில் அல்லது அதற்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும்.

• இறுக்கிய பிறகு பட்டையின் இரண்டு முனைகளும் முன்னால் ஒன்றோடொன்று முட்டக்கூடாது. முட்டினால் அதற்கு மேல் இறுக்க இடமில்லை, அது உங்களுக்குப் பெரிசு. தண்ணீரில் நனைந்து தளர்ந்ததும் ஏறிவிடும்.

• குறுக்குக் கம்பியின் அகலத்தையும் பாருங்கள். ஒல்லியான உடம்புக்கு அகலக் கம்பி ஒத்து வராது. அதன் முனை பக்கவாட்டில் குத்தும்.

• ஒருவர் கொக்கியைப் பிடித்து மேல்நோக்கி நன்றாக இழுக்கட்டும். முடிந்தால் உத்தரத்தில் கட்டிய கெட்டியான கயிற்றில் கொக்கியை மாட்டி, காலை மடக்கி ஐந்து நிமிடம் தொங்கிப் பாருங்கள். பட்டை நகர்கிறதா, எங்கே அழுத்துகிறது என்பது அப்போது தெரிந்துவிடும்.

• ஆழமாக மூச்சு இழுத்துப் பாருங்கள். குனியுங்கள். முழங்காலை நெஞ்சு வரை தூக்குங்கள். மார்பிலோ அடிவயிற்றிலோ குத்தினால் அது வேண்டாம்.

• கண்ணை மூடிக்கொண்டு, ஈரக் கையோடு நீங்களே கழற்றிப் பாருங்கள். அடுத்தவர் உதவியில்லாமல் கழற்ற முடியாத பட்டை எவ்வளவு இதமாக இருந்தாலும் வேண்டாம்.

தண்ணீரில் இறங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆனதும் கரைக்கு வந்து வாரை மறுபடி இறுக்குங்கள். நனைந்த பட்டை தளர்வது இயல்பு.

உடையும் உடம்பும்

துப்பட்டா, தொளதொள பேண்ட், தொங்கும் நாடா எதுவும் கூடாது. கொக்கியில் சிக்கும். உடம்போடு ஒட்டிய முழுக்கைச் சட்டையும் நீளக் கால்சட்டையும் போடலாம். வெயிலுக்கும் நல்லது, உராய்வும் குறையும். சங்கிலி, வளையல், நீளக் காதணியைக் கழற்றி வையுங்கள். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் கழுத்து மூடிய சட்டைக்குள் விட்டுக்கொள்ளலாம். கூந்தலை இறுகப் பின்னி முடியுங்கள்.

கர்ப்பமாக இருக்கும்போது இந்த விளையாட்டே வேண்டாம். பிரசவமோ வயிற்றில் அறுவை சிகிச்சையோ ஆகியிருந்தால், கர்ப்பப்பை இறக்கம் இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் வயிற்றில் எந்தப் பட்டையும் கட்டாதீர்கள்.

மிதவைச் சட்டையும் தலைக்கவசமும் அவசியம். மிதவைச் சட்டை நீளமாக இருந்தால் பட்டைக்குள் மாட்டி அதையும் மேலே தூக்கும். இந்த விளையாட்டுக்கென்று குட்டையாகத் தைத்த சட்டையைக் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்த பிறகே கடலுக்குப் போக வேண்டும்.

காசு விஷயம்

கற்கும்போது பட்டையைப் பள்ளியிலேயே தருவார்கள். முன்கூட்டியே உங்கள் அளவைச் சொல்லி, பெண்களுக்கான பட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். "இருக்கிறதைப் போட்டுக்கோ" என்றால் வேறு இடம் பாருங்கள். வகுப்பு முடியும் முன் உள்கடன் வாங்கிச் சொந்தப் பட்டை வாங்க வேண்டாம். இரண்டு மூன்று வகையை உடம்பு பார்த்த பிறகே காசு போடுங்கள்.

பழைய பட்டை வாங்கினால் தையல் பிரிந்திருக்கிறதா, கொக்கி தேய்ந்திருக்கிறதா, கம்பியில் துரு ஏறியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பாரம் தாங்கும் வாரில் தையல் விட்டிருந்தால் வீட்டு மிஷினில் சாதா நூல் போட்டுத் தைக்கக் கூடாது. நம் தையல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அந்த நூல் இழுவையைத் தாங்காது. ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தினால் பட்டை நாள்பட உழைக்கும்.

நினைவில் வைக்க

1. வலி வந்தால் உடம்பைக் குறை சொல்லாதீர்கள், பட்டையைப் பாருங்கள்.
2. தொடக்கத்தில் தொடைப் பட்டை வகை நல்லது.
3. தொங்கிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.
4. தானே கழற்றத் தெரியாமல் தண்ணீரில் இறங்காதீர்கள்.
5. காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் நாளில் போகாதீர்கள். உள்ளே இழுத்துப் போய்விடும்.

இதை அடுத்த குழுக் கூட்டத்தில் வாசித்துப் பேசுங்கள். விளையாட்டுக்குப் போகாதவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. முதுகில் மாட்டும் மருந்துத் தெளிப்பானாக இருந்தாலும், வேலைக்குக் கொடுக்கிற பெல்ட்டாக இருந்தாலும், "இது என் அளவுக்கு இருக்கா?" என்று கேட்பது நம் உரிமை. கேட்டு வாங்குவோம்.