போன் சார்ஜுக்கு கால் ரூபாய்தான் செலவு! சைக்கிள் வாலிபர்களுக்கு பிளக் கொடுக்க யோசிக்கலாமா?

சமயநல்லூர்:-

காஷ்மீரில் இருந்து கன்னியாகுமரிக்கு சைக்கிள் மிதித்து வருகிறார்களே வாலிபர்கள், அவர்களுக்கு கால் வலி பெரிய பிரச்சினை இல்லை. பஞ்சரும் இல்லை. ஊருக்கு ஊர் பஞ்சர் கடை இருக்கிறது. போனில் சார்ஜ் இறங்கி விட்டால்தான் திண்டாட்டம்.

சமயநல்லூர் ரோட்டில் டீ குடிக்க நிற்பவர்கள் இவர்களைப் பார்த்திருக்கலாம். பின் சக்கரத்தின் இரண்டு பக்கமும் மூட்டை. முன்னால் சின்னக் கொடி. ஹாண்டில்பாரில் போன். சைக்கிளை சாத்தி வைத்து டீ சொல்வதற்கு முன்பே, பிளக் எங்கே என்று கண் சுவரைத் தேடும். தமிழ் தெரியாது. "பையா, சார்ஜிங்?" என்பார்கள்.

சில கடைக்காரர்கள் உடனே சார்ஜரை வாங்கி மாட்டி விடுகிறார்கள். சிலர், "கரண்டு பில் யாரு கட்டுறது?" என்று முகத்தைத் திருப்பிக் கொள்கிறார்கள். பில் உண்மையில் எவ்வளவுதான் ஏறும்? கணக்குப் போட்டால் சிரிப்புதான் வருகிறது.

இரண்டாகப் பிரியும் ரோடு

முதலில் இவர்கள் ஏன் சமயநல்லூர் வழியாக வருகிறார்கள் என்று பார்ப்போம்.

ஸ்ரீநகரில் இருந்து கன்னியாகுமரி வரை ஓடும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை இந்த ஊரைத் தொட்டுத்தான் போகிறது. நீளம் 3,700 கிலோ மீட்டருக்கு மேல். முன்பு இதற்கு 7-ம் எண். அப்போது வாரணாசியில் இருந்து தொடங்கியது. பெரியவர்கள் இன்னும் 'என்.எச். செவன்' என்றுதான் சொல்கிறார்கள்.

திண்டுக்கல்லை விட்டால் அம்மையநாயக்கனூர், வாடிப்பட்டி, பிறகு சமயநல்லூர். இங்கே ரோடு இரண்டாகப் பிரிகிறது. பழைய ரோடு பரவை, விளாங்குடி வழியாக மதுரைக்குள் போகும். பைபாஸ் துவரிமான், நாகமலை புதுக்கோட்டை வழியாக கப்பலூருக்குப் போய் விடும். முதல் ரோட்டில் போனால் லாட்ஜ், சாப்பாடு, வெளிச்சம். இரண்டாவதில் பல இடங்களில் லாரியும் இருட்டும்தான். புதிதாக வருகிறவருக்கு வழி சொல்வது கையில் இருக்கும் போன். சாயங்காலம் ஏழு மணிக்கு அது அணைந்து விட்டால்?

வழி மட்டும் இல்லை. இந்தக் காலத்தில் பர்சும் போனுக்குள்தான் இருக்கிறது. ரூபாய் நோட்டைத் தொடாமலே பாதி இந்தியாவைக் கடந்து வந்திருப்பார்கள். இட்லிக்குப் பணம், லாட்ஜில் காட்ட ஆதார், வீட்டு நம்பர், விபத்து என்றால் 112. எல்லாம் அந்த ஒரு பேட்டரியில்.

2021 மார்ச் மாதம் காஷ்மீர் வீரர் ஆதில் தேலி, ஸ்ரீநகரில் இருந்து கன்னியாகுமரிக்கு எட்டே நாளில் (அதற்கு மேல் ஒரு மணி நேரம் சொச்சம்) போய் சாதனை செய்தார். அவருக்குப் பின்னால் கார் வந்தது, ஆட்கள் வந்தார்கள். நம் டீக்கடையில் நிற்கிற பையனுக்கு அப்படி யாரும் இல்லை.

இதோ கணக்கு

இப்போது விற்கும் சாதாரண போனின் பேட்டரி 5,000 எம்.ஏ.எச். அதாவது சுமார் 19 வாட்-மணி. சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து 25 என்றே வைத்துக் கொள்வோம். ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி. ஆக, ஒரு யூனிட்டில் 40 போன்களுக்கு முழு சார்ஜ் போடலாம்.

கடை இணைப்புக்கு யூனிட் 10 ரூபாய் என்று வைத்தாலும், ஒரு போனுக்கு 25 காசு. கால் ரூபாய்! ஒரு டீக்குப் போடுகிற சர்க்கரைகூட அதைவிட அதிகம்.

அதுவும் எந்த ஊரில்? 2001-ல் 106 மெகாவாட் மின் நிலையம் அமைந்த சமயநல்லூரில்! அது முழு மூச்சில் ஓடினால் ஒரே நேரத்தில் ஒரு கோடி போனுக்கு சார்ஜ் ஏற்றலாம். அப்பேர்ப்பட்ட ஊரில் ஒரு போனுக்கு பிளக் இல்லை என்றால் எப்படி?

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடைக்காரர் தன் பிளக்கில் போட விட்டால் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் தெருவிளக்குக் கம்பத்தில் ஒயரை மாட்டி எடுத்தால் அது மின் திருட்டு. 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135-வது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

தாத்தா காலத்து டைனமோ

"மிதிக்கிற சைக்கிளிலேயே கரண்டு எடுக்க முடியாதா?" என்று கேட்கலாம். எடுக்கலாம்.

லைட் இல்லாமல் சைக்கிளில் போனால் போலீசார் பிடித்த காலம் ஒன்று இருந்தது. 'டபுள்ஸ்' வந்தாலும் பிடிப்பார்கள். டயரில் காற்றைப் பிடுங்கி விட்டு, தள்ளிக்கொண்டே போகச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் டயரில் உரசி ஓடிய 'மில்லர்' டைனமோ பல வீட்டுப் பரணில் இன்றும் கிடக்கும். அது கொடுப்பது 6 வோல்ட், 3 வாட். ஜெர்மனியில் சைக்கிளுக்கு டைனமோ லைட் கட்டாயம் என்ற விதி 2013 வரை இருந்தது.

ஆனால் அதை நேராகப் போனில் மாட்டினால் போன் காலி. டைனமோ தருவது ஏ.சி. கரண்டு. போனுக்கு வேண்டியது 5 வோல்ட் டி.சி. இறக்கத்தில் வேகம் பிடித்தால் டைனமோவின் வோல்ட் எகிறும். நடுவில் நான்கு டயோடு, ஒரு கெப்பாசிட்டர், வோல்ட்டை 5-ல் நிறுத்தும் ஒரு ரெகுலேட்டர் வேண்டும். ரேடியோ ரிப்பேர் தெரிந்தவருக்கு இது அரை நாள் வேலை.

இப்போது வெளிநாட்டில் சக்கரத்தின் அச்சுக்குள்ளேயே டைனமோ வருகிறது. உரசல் கிடையாது. எப்படி எடுத்தாலும் போனுக்குப் போய்ச் சேருவது இரண்டரை வாட் சொச்சம்தான். ஒரு போன் நிரம்ப எட்டு, ஒன்பது மணி நேரம் மிதிக்க வேண்டும். காலையில் தொடங்கி சாயங்காலம் வரை மிதிப்பவருக்கு அது சரியாகப் போகும். வேலைக்கு அரை மணி நேரம் மிதித்துப் போகிறவருக்கு உதவாது.

யாழ்ப்பாணத்தில் பாடிய ரேடியோ

சைக்கிள் டைனமோவின் அருமை யாழ்ப்பாணத் தமிழர்களுக்குத்தான் தெரியும். 1990-ல் அங்கே மின்சாரம் நின்றது. போர் காலத் தடையில் பேட்டரியும் போகவில்லை. ஜாம் போத்தலில் எண்ணெய் ஊற்றி, திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள்.

செய்தி கேட்க என்ன செய்வது? சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார்கள். ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். டைனமோ கரண்டில் ரேடியோ பேசும். சுற்றியிருந்து எல்லோரும் கேட்பார்கள். எங்கே குண்டு விழுந்தது, பாதை திறந்ததா என்று தெரிய வேண்டுமே! கை ஓய்ந்தால் ரேடியோவும் ஓய்ந்து விடும். அடுத்தவர் வந்து பிடித்துக் கொள்வார். பல ஆண்டுகள் இப்படித்தான் ஓடின.

அமெரிக்காவில் இதையே ஆசைக்காகச் செய்தவரும் உண்டு. ஸ்டீவன் ராபர்ட்ஸ் என்பவர் 1983-ல் சைக்கிளில் சூரிய ஒளித் தகடு மாட்டி, சின்ன கம்ப்யூட்டரை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். சுமார் 16,000 கிலோ மீட்டர் சுற்றினார். வழியில் கட்டுரை எழுதி, டெலிபோன் பூத் வழியாக அனுப்பினார். சாமான் சேர்த்துச் சேர்த்து, பிறகு அவர் கட்டிய சைக்கிளின் எடை சுமார் 260 கிலோ ஆகி விட்டது. கரண்டு ஆசை எங்கே கொண்டு போய் விடுகிறது பாருங்கள்!

வெயில் உதவுமா?

மதுரை வெயிலுக்குப் பஞ்சம் இல்லை. மூட்டை மேல் சூரிய ஒளித் தகட்டை விரித்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். 20 வாட் என்று எழுதியிருக்கும். ஓடுகிற சைக்கிளில், சாய்ந்த வெயிலில், புளியமர நிழலில் பாதி கிடைத்தால் பெரிய காரியம்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. லித்தியம் பேட்டரியை 45 டிகிரி சூட்டுக்கு மேல் சார்ஜ் போடக் கூடாது. சித்திரை வெயிலில் தகட்டுக்குப் பக்கத்திலேயே போனையோ பவர் பேங்கையோ வைத்தால் அந்தச் சூடு சுலபமாக வந்து விடும். பேட்டரி உப்பும். தீப்பிடிக்கவும் செய்யும். தகடு வெயிலில் இருக்கட்டும். பேட்டரியை துணி மூட்டைக்குள் நிழலில் வையுங்கள்.

பவர் பேங்க் வாங்குகிறவர்களுக்கும் ஒரு சங்கதி. 10,000 என்று போட்டிருந்தால் 5,000 போனை இரண்டு தடவை நிரப்பும் என்று நினைக்காதீர்கள். வோல்ட்டை மாற்றும்போது வீணாகி, ஒன்றரை தடவைகூட வராது. பி.ஐ.எஸ். பதிவு எண் இல்லாத பிளாட்பாரச் சரக்கைத் தொடவே வேண்டாம்.

கண் போனில் இருக்கட்டும்

சார்ஜ் போட்ட போனை மேஜையில் விட்டு விட்டு கை கழுவப் போகிறார்கள். திரும்பி வந்தால் ஒயர் மட்டும் தொங்கும். கடைக்காரர் மேல் பழி. போலீஸ் வரை போக வேண்டியிருக்கும். '*#06#' அடித்தால் 15 இலக்க எண் வரும். அதைத் தாளில் குறித்து பர்சில் வையுங்கள். அந்த எண் இருந்தால் போலீசில் புகார் கொடுத்து விட்டு, மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' மூலம் போனை முடக்கலாம்.

பொது இடத்தில் தொங்கும் ஒயரில் போனை மாட்ட வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியும் 2022-ல் எச்சரித்தது. தகவலைத் திருட வழி உண்டு என்பதால். சொந்த சார்ஜரை சுவர் பிளக்கில் மாட்டினால் அந்தப் பயம் இல்லை. கையில் ஐந்நூறு ரூபாய் நோட்டாகவே இருப்பதும் நல்லது.

கடைக்காரர்களுக்கு ஒரு யோசனை. பிளக்கை கல்லாவுக்குப் பக்கத்தில், உங்கள் கண் படும்படி வையுங்கள். போனும் பத்திரம், உங்கள் பெயரும் பத்திரம். ஒரு டீ, இரண்டு வடை சாப்பிடுகிற இருபது நிமிஷத்தில் சாதாரண சார்ஜரிலேயே பதினைந்து சதவீதம் ஏறி விடும். விளாங்குடி தாண்டி மதுரைக்குள் போய் லாட்ஜ் பிடிக்க அது போதும்.