உறவினர் உரையும் உழைப்பவர் பொறுப்பும்

பிறர் இழைத்த குற்றத்திற்காக ஒருவரைத் தண்டித்தல் தகாது என்னும் நியதி மனித குலம் எளிதில் எய்திய ஒன்றன்று. குலத்தோடு குலம் பழி தீர்த்தலும், தந்தையின் துரோகத்துக்காக மக்களை அழித்தலும் நீதியாகவே கருதப்பட்ட காலம் நெடியது. கடந்த நூற்றாண்டிலேகூட, 1944 ஜூலை 20ஆம் நாள் ஹிட்லரைக் கொல்ல முயன்றோரின் மனைவியரும் உடன்பிறந்தோரும் குழந்தைகளும் உறவு என்ற ஒரே காரணத்தினாற் பிடித்துச் செல்லப்பட்டனர். சோவியத் ஒன்றியத்தில், மகன் தந்தைக்காகப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று ஸ்டாலின் 1935இற் கூறியிருந்தும், 1937இல் 'மக்கள் விரோதிகள்' எனப்பட்டோரின் மனைவியரை முகாம்களுக்கு அனுப்பும் கட்டளை பிறந்தது. இதனை முற்போக்காளர் மறைத்துப் பேசுவதிற் பயனில்லை. போர்க்காலத்திற் குடிமக்களைப் பாதுகாப்பதற்காக 1949இல் உருவான நான்காவது ஜெனீவா உடன்படிக்கை, எவரும் தாமே செய்யாத குற்றத்துக்காகத் தண்டிக்கப்படலாகாது என்று தனது 33ஆம் உறுப்புரையில் எழுதி வைத்தது.

நீதிமன்றத்திலும் போர்க்களத்திலும் நாம் ஏற்றுக்கொண்ட இந்நியதி, வேலைத்தலத்தின் வாயிலோடு நின்றுவிடுகிறது. கணவனோ மனைவியோ மகனோ சமூக ஊடகமொன்றில் எழுதிய சில சொற்களுக்காக, அவற்றை எழுதாத ஒருவர் தமது வேலையை இழக்கும் நிலை இன்று தோன்றியுள்ளது. அவ்விழப்புக்கு யார் பொறுப்பாளி? எழுதியவரா, வேலையை இழந்தவரா, வேலையைப் பறித்தவரா? 'பொறுப்பு' என்னும் ஒரே சொல்லை மூன்று பொருளில் வழங்கிக்கொண்டு இவ்வினாவுக்கு விடை காண முயல்வதனாலேயே குழப்பம் மிகுகின்றது என்பது எமது கருத்து. அறிந்த நிகழ்ச்சியொன்றை முன்னிறுத்தி இதனை நோக்குவோம்.

2020 மே 25ஆம் நாள் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜோர்ஜ் புளொய்ட் என்ற கறுப்பினத்தவர் பொலிசாராற் கொல்லப்பட்டார். நாடெங்கும் மக்கள் வீதிக்கு வந்தனர். அந்நாட்களில், லொஸ் ஏஞ்சல்ஸ் கலக்சி என்னும் உதைபந்தாட்டக் கழகத்தில் ஆடிவந்த சேர்பிய வீரர் அலெக்சாண்டர் கட்டாயின் மனைவி தமது இன்ஸ்ரகிராம் பக்கத்திற் சில பதிவுகளை இட்டார். சேர்பிய மொழியில் அமைந்த அவற்றுள் ஒன்று ஆர்ப்பாட்டக்காரரைக் கொல்லுமாறு இழிசொல்லாற் கூறியது; மற்றொன்று அவர்களைக் கால்நடைகள் என்றது. ஜூன் 3ஆம் நாள் கழகம் அப்பதிவுகளைக் கண்டித்தது. அவற்றிற் கண்ட கருத்துகள் தம்முடையவை அல்ல என்று கட்டாய் வெளிப்படையாகக் கூறினார், மன்னிப்புக் கோரினார், தமது குடும்பத்தின் தவறு இது என்றும், அதற்கான முழுப் பொறுப்பையும் தாம் ஏற்பதாகவும் அறிவித்தார். ஜூன் 5ஆம் நாள், இரு தரப்பினரும் உடன்பட்டுப் பிரிவதாகக் கழகத்தின் அறிவித்தல் வெளியாயிற்று.

அப்பதிவுகள் எவ்வகையாலும் நியாயப்படுத்தக்கூடியன அல்ல. இறந்தவரின் உடல் அடக்கஞ் செய்யப்படுமுன்னரே, அவருக்காகத் திரண்டவர்களைக் கொல்லுமாறு கூறுவது கருத்துச் சுதந்திரத்தின் பாற்பட்ட நுண்ணிய விவாதமன்று. அதனை எழுதியவர் வயது வந்தவர். சிந்திக்கும் ஆற்றல் உடையவர். தாம் எழுதியதற்குத் தாமே உரியவர். எமது வினா அதன் பின்னரே தொடங்குகிறது. கட்டாய் ஏற்ற அந்த 'முழுப் பொறுப்பு' எதற்கானது? அவர் எழுதவில்லை, எழுதத் தூண்டினார் என்று எவரும் நிறுவவும் இல்லை. எழுதப்பட்டதை மறுத்தும் உரைத்தார். இவற்றுக்கு அப்பால் அவர் செய்யக்கூடியதாய் இருந்தது யாது?

பிறர் செயலுக்கு ஒருவர் பொறுப்பாதல் சட்டத்துக்குப் புதிதன்று. தொழிலாளி தனது தொழிலின்போது பிறருக்கு விளைக்கும் தீங்குக்கு முதலாளி ஈடு செய்ய வேண்டும் என்பது நன்கறிந்த விதி. அதற்கான நியாயங்கள் இரண்டு. தொழிலாளியை ஏவும் அதிகாரம் முதலாளியிடம் உள்ளது; அவ்வுழைப்பின் பயனும் முதலாளியையே சென்றடைகிறது. அதிகாரமும் பயனும் இருக்குமிடத்திற் பொறுப்பும் இருத்தல் முறையே. மனைவியின் பதிவு தொடர்பிற் கணவனுக்கு இவ்விரண்டில் எது உண்டு? ஏவும் அதிகாரம் உண்டு என்று கூறுவோர், தாம் எந்த நூற்றாண்டில் நின்று பேசுகிறோம் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இஃது வெறும் அலங்காரப் பேச்சன்று. ஆங்கிலப் பொதுச் சட்டத்தின்படி, திருமணத்தோடு பெண்ணின் சட்ட ஆளுமை கணவனுடையதனுள் அடங்கிவிடும். அவளது ஆதனம் அவன் கைக்குச் செல்லும். அதற்கு ஈடாக, அவள் பிறரை அவதூறு செய்தால் அந்த வழக்கிற் கணவனும் எதிராளியாக நிற்க வேண்டும். 1882ஆம் ஆண்டின் மணமான பெண்கள் ஆதனச் சட்டம் பெண்ணுக்கு அவளது சொத்தை மீட்டுக் கொடுத்தது. ஆயின் மனைவியின் தீங்குக்குக் கணவன் பதில் சொல்லும் பழைய விதி அதன் பின்னரும் பிழைத்திருந்தது. 1920களின் நடுப்பகுதியிற்கூடப் பிரித்தானியப் பிரபுக்கள் சபை அதனை உறுதிப்படுத்தியது. 1935ஆம் ஆண்டிலேயே பாராளுமன்றம் அதனை நீக்கியது. கணவன்மாருக்கு இரங்கி மட்டும் இவ்விதி நீக்கப்பட்டதாக நாம் கருதவில்லை. தன் சொல்லுக்குத் தான் பொறுப்பேற்க முடியாதவள் முழுமையான பிரசை ஆகமாட்டாள் என்னும் உண்மை அதன் அடிப்படையில் உள்ளது. ஆகவே, மனைவியின் சொல்லுக்காகக் கணவனை வேலையிலிருந்து விலக்கும் நிறுவனம், சமத்துவத்தின் பெயரால் அதனைச் செய்யும்போதும், மனைவியின் நாவுக்குக் கணவனே காவலன் என்னும் பழைய கொள்கையையே மீண்டும் நிலைநாட்டுகிறது. கணவனின் பதிவுக்காக மனைவி வேலையை இழக்கும்போது இவ்வநீதி இன்னும் பச்சையாகத் தெரியும்.

இதற்கு மறுப்பாக முன்வைக்கப்படும் வாதங்களுள் ஒன்றையேனும் நாம் இலேசாகத் தள்ளிவிட முடியாது. விளையாட்டு வீரர் தமது உழைப்பை மாத்திரம் விற்பவரல்லர். அவரது முகமும் பெயரும் கழகத்தின் அடையாளமாகின்றன. அவர் அணியும் சட்டையைத் தாமும் அணிந்துகொண்டு அரங்குக்கு வரும் கறுப்பின இரசிகர்கள் உள்ளனர். அவரோடு ஒரே அறையில் உடைமாற்றும் கறுப்பின வீரர்கள் உள்ளனர். அவரது வீட்டிலிருந்து எழுந்த அந்தச் சொற்களைக் கேட்ட பின்பு, அவரோடு எவ்வாறு ஒன்றாக ஆடுவது என்று அவர்கள் கேட்பது நியாயமே. கழகத்தின் அரங்குக்கு வெளியே இரசிகர்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தமையும் போலித்தனமன்று.

ஆயினும் அவர்கள் கேட்ட வினாவுக்கு விடையளிக்க வேண்டியவர் அவ்வீரரே. அவரது விடை திருப்தி தருகிறதா என்று பார்ப்பதற்கும் காலம் வேண்டும். சொல்லுக்குரிய குற்றம் வேறு; விளைந்த இழப்பை ஈடுசெய்யும் கடப்பாடு வேறு; உடன் வாழ்பவர் கூறியதைப் பற்றி 'நீ எங்கு நிற்கிறாய்' என்று கேட்கப்படும்போது பதில் சொல்லும் கடமை வேறு. கட்டாய்க்கு முதலிரண்டும் இல்லை, மூன்றாவது உண்டு. அதனை அவர் நிறைவேற்றினார். நிறைவேற்றிய பின்னரும் வேலை போயிற்று எனில், அவரிடம் கேட்கப்பட்டது உண்மையிற் பதிலன்று என்றே கொள்ள வேண்டும். கழகத்தின் கணக்கில் அவர் குற்றவாளியல்லர், ஆபத்து. விளம்பரதாரரும் நுழைவுச்சீட்டு வாங்குவோரும் விலகிச் செல்லக்கூடிய ஆபத்தினை இரண்டு நாட்களில் அகற்றுவதற்கு மலிவான வழி அவரை அகற்றுவதே. வாணிப முடிவொன்று அறநெறியின் உடையணிந்து வந்தது. 'இரு தரப்பினரும் உடன்பட்டு' என்ற சொற்றொடரோ முதலாளித்துவ உலகின் மிக மெல்லிய துணி; அதனூடே எல்லாம் தெரியும்.

இவ்விடத்திற் பழைய நிகழ்ச்சியொன்றை நினைவுகூர்தல் பொருந்தும். 1953இல், மக்கார்த்தியின் பெயரால் அறியப்படும் அச்சக் காலத்தில், மிச்சிகன் பல்கலைக்கழகத்திற் பயின்றுகொண்டிருந்த விமானப்படைச் சேமப் பிரிவு அதிகாரி மிலோ ரடுலோவிச் பாதுகாப்புக்கு ஆபத்தானவர் எனக் கூறப்பட்டுப் பதவி விலகுமாறு கேட்கப்பட்டார். அவரது விசுவாசத்தை எவரும் ஐயுறவில்லை. அவரது தந்தையும் சகோதரியும் இடதுசாரிச் சார்புடையவர்கள் என்பதும், அவர்களோடு அவர் உறவு பேணினார் என்பதுமே குற்றச்சாட்டு. சேர்பியக் குடியேறியான தந்தை தமது தாய்மொழிப் பத்திரிகையொன்றை வாசித்தமையும் அக்குற்றச்சாட்டில் இடம்பெற்றது. ரடுலோவிச் பதவி விலக மறுத்தார். தந்தையையும் சகோதரியையும் துறந்து உரைக்கவும் மறுத்தார். ஒக்டோபர் 20ஆம் நாள் எட்வேட் மறோ தமது தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இவ்வழக்கை நாட்டுக்கு எடுத்துக் காட்டினார். நவம்பர் 24ஆம் நாள் விமானப்படைச் செயலாளர் தமது திணைக்களத்தின் முடிவை மாற்றிக்கொண்டார்.

இரண்டு நிகழ்ச்சிகளும் ஒன்றல்ல என்பதை நாம் அறிவோம். முன்னதிற் செயற்பட்டது அரசு. பின்னதிற் செயற்பட்டது தனியார் கழகம். தந்தை வாசித்த பத்திரிகை எவரது உயிருக்கும் தீங்கு நினைக்கவில்லை; மனைவியின் பதிவு நினைத்தது. ஆயின் உறவினூடாகக் கறையைக் கடத்தும் பொறிமுறை இரண்டிலும் ஒன்றே. முதலாவது நிகழ்ச்சியை வாசிக்கும் முற்போக்காளர் உடனே சினங்கொள்கிறார். இரண்டாவதை வாசிக்கும்போது அவரது சினம் சற்றுத் தயங்குகிறது. அத்தயக்கத்துக்குக் காரணம் பதிவின் உள்ளடக்கமேயன்றி வேறில்லை. 1953இல் சகோதரியைத் துறக்க மறுத்தவர் பதவியைக் காத்துக்கொண்டார். 2020இல் மனைவியின் கருத்தைத் துறந்து உரைத்தவர் வேலையை இழந்தார்.

பதிவை எழுதிய உறவினருக்கு இவ்விழப்பிற் பங்கே இல்லையா? உண்டு. தம்மோடு வாழ்பவர் பலரறிந்த ஒருவர் என்பதைத் தெரிந்துகொண்டே பொதுவெளியில் எழுதுபவர், அதன் விளைவு வீட்டு வாயிலுக்கு வரும் என்பதை ஊகித்திருக்கலாம். ஆயின் அவரது கடன்களுக்கு ஒரு முறை உண்டு. அவர் முதலிற் கடன்பட்டிருப்பது தமது சொல்லால் இழிவுபடுத்தப்பட்ட மக்களுக்கு. கணவனுக்குப் பட்ட கடன் அதற்குப் பின்னதே. வேலை நீக்கம் இம்முறையைத் தலைகீழாக்கிவிடுகிறது. கணவனின் இழப்புக் குடும்பத்தின் துயராக உருமாறுகிறது. எழுதியவர் தாமே பாதிக்கப்பட்டவராகிறார். மினியாபொலிஸ் வீதியில் நின்றவர்களோ இக்கணக்கிலிருந்து மறைந்துபோகின்றனர். சேர்பிய வீரர் ஒருவர் வேலை இழந்ததனால் அவர்களுக்குக் கிடைத்தது யாது என்பதை எவரும் கூறவில்லை.

உறவினர் ஒருவரைத் தாக்குவது மற்றவரைத் தாக்கும் வழி என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஓரளவு ஏற்றுள்ளது. பால் பாகுபாடு பற்றி முறையிட்ட பெண்ணொருவரின் வருங்காலக் கணவனை, இருவரும் பணியாற்றிய அதே நிறுவனம் வேலை நீக்கியபோது, அவர் வழக்குத் தொடுக்கலாம் என்று 2011இல் அந்நீதிமன்றம் தீர்த்தது. ஆனால் அத்தீர்ப்பு சட்டபூர்வமான முறைப்பாட்டைச் சார்ந்து நிற்பது. சமூக ஊடகப் பதிவுக்கு அது துணை வாராது. அமெரிக்க யாப்பின் முதலாவது திருத்தமும் அரசைக் கட்டுப்படுத்துமேயன்றித் தனியார் முதலாளியைக் கட்டுப்படுத்தாது. எழுத்திலான ஒப்பந்தமோ தொழிற்சங்க உடன்படிக்கையோ இல்லாத சாதாரணத் தொழிலாளியை, சட்டம் வெளிப்படையாக விலக்கிய காரணங்கள் தவிர்ந்த எக்காரணத்துக்காகவும், காரணமின்றியும், முதலாளி நீக்கலாம் என்பதே அந்நாட்டின் பொது விதி. புகழ்பெற்ற வீரர் மீண்டு எழக்கூடியவர். கட்டாய் அதே ஆண்டிற் பெல்கிரேட் நகரின் ரெட் ஸ்டார் கழகத்துக்குத் திரும்பி ஆடினார். கடையிற் காசு வாங்கும் பெண்ணுக்கோ பாடசாலைப் பேருந்து ஓட்டுபவருக்கோ திரும்பிச் செல்ல வேறொரு கழகம் இல்லை.

பல மாநிலங்களின் சட்டங்கள் 'திருமண நிலை' காரணமாகப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கின்றன. ஆனால் மணமானவரா, மணமாகாதவரா என்பதையே அத்தொடர் பெரும்பாலுங் குறிக்கும்; யாரை மணந்தார், அவர் என்ன கூறினார் என்பது அதனுள் அடங்காது என்று முதலாளிகள் வாதிட இடமுண்டு. அவ்விடைவெளியை அடைத்த சட்டமொன்றும் உண்டு. வேலை தொடர்பில், வாழ்க்கைத் துணையின் அல்லது முன்னாள் துணையின் அடையாளம், நிலைமை, செயல்கள், நம்பிக்கைகள் ஆகியவற்றைக் காரணமாகக் கொண்டு பாகுபாடு காட்டலாகாது என்று அது வெளிப்படையாகவே கூறுகிறது. துணை என்ற சொல்லோடு அது நின்றுவிடுவதால் தந்தை, தங்கை, மகன் ஆகியோரின் சொற்கள் அதன் எல்லைக்கு வெளியே உள்ளன. ரடுலோவிச்சுக்கு அது உதவியிராது. எனினும் தொழிற்சங்கங்கள் தமது கூட்டு உடன்படிக்கைகளிற் சேர்த்து விரிக்கத்தக்க வாசகம் அதிலே ஆயத்தமாக இருக்கிறது. அச்சட்டம் மினசோட்டா மாநிலத்தினது. ஜோர்ஜ் புளொய்ட் கொல்லப்பட்ட மினியாபொலிஸ் அம்மாநிலத்தின் நகர்.