பெரிய கண்ணும் சிறிய கண்ணும்: தங்கா பத்து வானில் விண்முகில் படப்பிடிப்பு

இரவு வானம் எல்லாருக்கும் பொதுவானது. செல்வந்தர் மாளிகைக்கு மேல் ஒரு வானம், தோட்டத்து லயத்துக்கு மேல் வேறொரு வானம் என்று இல்லை. ஆயினும் வானியல் என்றாலே அது பெரும் பணமும் மலையுச்சி ஆய்வகமும் உடையவர்களுக்கே உரியது என்ற எண்ணம் நம்மவரிடையே இன்னும் வேரூன்றி இருக்கிறது. என்னிடம் தொலைநோக்கி இருக்கிறது என்று சொன்னதும் பல்கலைக்கழக நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு பெருசு?" என்பதுதான். எழுபது மில்லிமீட்டர் என்றதும் அவர்கள் முகம் சற்றே வாடிவிடும். பெரிய தொலைநோக்கிதான் நல்ல தொலைநோக்கி என்பது பாதி உண்மை மட்டுமே. மீதிப் பாதியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விண்முகில் என்றால் என்ன?

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் கோள், விண்மீன், கிரகணம் என்று தமிழில் படித்தேன். தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றபின் 'நெபுலா' என்ற சொல் மலாய்ப் பாடநூல் வழியாக அறிமுகமானது. அதற்குத் தமிழில் விண்முகில் என்ற அழகான சொல் இருப்பதைப் பின்னர்தான் அறிந்தேன். விண்மீன்களுக்கு இடையே பரவிக் கிடக்கும் வளிமமும் தூசியும் சேர்ந்த மேகமே விண்முகில். சில விண்முகில்களில் புதிய விண்மீன்கள் பிறக்கின்றன. வேறு சில, முதிர்ந்த விண்மீன்கள் தம் புறப்பகுதியை உதறியதால் உண்டானவை.

முதல் வகைக்கு எடுத்துக்காட்டு ஓரியன் விண்முகில். வேட்டைக்காரன் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களை நாம் அனைவரும் கண்டிருப்போம். மலாய்க்காரர்கள் அக்கூட்டத்தைப் பெலாந்திக் என்பர். நம் திருவாதிரையும் அதில்தான் இருக்கிறது. அந்த மூன்றுக்கும் கீழே தொங்கும் வாளின் நடுவில், சுமார் 1,300 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது இந்த விண்முகில். இரண்டாம் வகைக்கு எடுத்துக்காட்டு, யாழ் மண்டலத்தில் உள்ள வளைய விண்முகில்.

தொடங்கி வைத்தவர்கள் யார்?

விண்முகிலை முதன்முதலில் படம் பிடித்தவர் அமெரிக்கரான ஹென்றி டிரேப்பர். 1880 செப்டம்பர் 30-ஆம் நாள் இரவு, 28 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் 51 நிமிடம் ஒளியைப் பதிவு செய்து ஓரியன் விண்முகிலைப் படமாக்கினார். அவர் தொழிலால் மருத்துவர். 1883-இல் இங்கிலாந்தின் ஆண்டுரு காமன் 91 சென்டிமீட்டர் ஆடியைக் கொண்டு அதே விண்முகிலை எடுத்தபோது, கண்ணால் காண முடியாத விண்மீன்களும் படத்தில் பதிந்திருந்தன. அவர் தொழிலால் பொறியியலாளர். ஆக, இக்கலைக்கு வித்திட்டவர்கள் ஆர்வலர்களே என்பது குறிப்பிடத்தக்கது.

மூன்றாமவர் எட்வர்டு பர்னார்டு. வறுமையில் பிறந்து, ஒன்பது வயதில் புகைப்பட நிலையத்தில் வேலைக்குச் சென்றவர். பிற்காலத்தில் உலகின் மிகப் பெரிய தொலைநோக்கிகளுள் ஒன்று இருந்த லிக் ஆய்வகத்தில் பணியாற்றினார். ஆனால் 1894-இல் ஓரியன் கூட்டத்தைச் சுற்றி வளைந்து கிடக்கும் மாபெரும் ஒளிவில்லை அவர் படமெடுத்தது, கைக்குள் அடங்கும் ஒரு சிறு வில்லையால். இன்று அதற்குப் பர்னார்டு வளையம் என்று பெயர். ஆய்வகத்தின் பெரிய தொலைநோக்கியால் அதைப் பிடித்திருக்க முடியாது. அதன் பார்வைக்குள் அந்த வில்லின் ஒரு துணுக்குகூட முழுதாக அடங்காது.

கணக்கு என்ன சொல்கிறது?

ஏன் அப்படி என்பதற்கு விடை குவியத் தொலைவில் இருக்கிறது. என் 70 மி.மீ. தொலைநோக்கியின் குவியத் தொலைவு 420 மி.மீ. நண்பர் ஒருவரின் 200 மி.மீ. தொலைநோக்கிக்கு அது 2,000 மி.மீ. இரண்டிலும் ஒரே கேமராவைப் பொருத்தியிருக்கிறோம். அதன் உணரி 22 மி.மீ. அகலமும் 15 மி.மீ. உயரமும் கொண்டது.

என்னுடையதில் வானின் மூன்று பாகை அகலம் படத்தில் விழுகிறது. நண்பருடையதில் சுமார் 0.6 பாகைதான். ஓரியன் விண்முகிலோ ஏறத்தாழ ஒரு பாகை அகலமுடையது, அதாவது முழுநிலவைப் போல் இரு மடங்கு. ஆகவே சிறிய தொலைநோக்கியில் அது முழுமையாகச் சிறகு விரிக்கிறது. பெரியதில் அதன் நெஞ்சுப் பகுதி மட்டுமே அடங்குகிறது.

வளைய விண்முகிலுக்கு வந்தால் கதை தலைகீழ். அதன் அகலம் ஒன்றரைப் பாகைத்துளிக்கும் குறைவு. (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கே பாகைத்துளி.) என் படத்தில் அது நாற்பது படப்புள்ளி அகலமுள்ள சிறு பொட்டு. நண்பர் படத்திலோ இருநூறு படப்புள்ளி அகலத்தில், நடுவே துளையோடு தெளிவாக நிற்கிறது.

ஒளியின் கணக்கு இன்னும் வியப்பானது. 200 மி.மீ. முகப்பு, 70 மி.மீ. முகப்பைவிட எட்டு மடங்கு அதிக ஒளியைத் திரட்டுகிறது. ஆனால் அந்த ஒளியை மிகப் பெரிய பரப்பில் பரப்பிவிடுகிறது. குவியத் தொலைவை முகப்பு விட்டத்தால் வகுத்தால் எனக்கு 6 வரும், நண்பருக்கு 10 வரும். பரந்த விண்முகிலைப் பொறுத்தவரை ஒவ்வொரு படப்புள்ளியிலும் விழும் ஒளி இந்த எண்ணின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். அதன்படி, என் சிறிய கருவியில் ஒரு படப்புள்ளிக்குக் கிடைக்கும் ஒளி சுமார் 2.8 மடங்கு அதிகம்! நுணுக்கம் வேண்டுமானால் பெரியது. பரப்பு வேண்டுமானால் சிறியது. எந்த விண்முகிலுக்கு எந்தக் கருவி என்பதே சரியான கேள்வி.

நம் ஊரின் வரமும் சோதனையும்

தங்கா பத்து நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இரண்டே கால் பாகையில் உள்ளது. வானின் இரு பாதிகளும் நமக்குத் தெரியும். லண்டனில் ஒருபோதும் உதிக்காத கரீனா விண்முகில், இங்கு ஏப்ரல் இறுதியில் இரவு 10 மணியளவில் தெற்கே 28 பாகை உயரத்தில் நிற்கிறது. தமிழ்நாட்டின் காவலூர் வைணு பாப்பு ஆய்வகத்தில் 1986-இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி உள்ளது. அங்கும்கூட அது 18 பாகையைத் தாண்டுவதில்லை. நமக்குத் தெற்குப் பக்கம் மலாக்கா நீரிணை. கப்பல் விளக்குகளைத் தவிர வேறு வெளிச்சம் குறைவு. பிப்ரவரித் தொடக்கத்தில் இரவு 10 மணிக்கு ஓரியன் விண்முகில் ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேல் வந்துவிடும். மலாக்காவில் மழை குறைந்த மாதங்களும் ஜனவரி, பிப்ரவரிதாம்.

சோதனைகளும் உண்டு. பூமி சுழல்வதால் விண்மீன்கள் நகர்கின்றன. அவற்றைப் பின்தொடர, தாங்கியின் அச்சைத் துருவத்தை நோக்கித் திருப்ப வேண்டும். மேலை நாட்டினர் துருவ விண்மீனைப் பார்த்து இதை எளிதில் செய்கின்றனர். நமக்கோ அது தொடுவானத்தை ஒட்டி, செம்பனை மரங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. பல தாங்கிகள் இவ்வளவு தாழ்ந்த கோணத்துக்குச் சாய்வதும் இல்லை. எனவே தெரியும் விண்மீன்களைப் படமெடுத்து, கணினி மென்பொருளின் துணையோடு அச்சைத் திருத்துகிறோம். குவியத் தொலைவு ஐந்து மடங்கானால் பின்தொடர்தலின் பிழையும் ஐந்து மடங்காகத் தெரியும். தொடங்குபவர்களுக்குச் சிறியதே தோழன் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

அடுத்தது ஒளி மாசு. நெடுஞ்சாலை, தொழிற்சாலை, புதிய வீடமைப்புப் பகுதி எனக் கிழக்கு வானம் ஆண்டுக்கு ஆண்டு வெளுத்து வருகிறது. விண்முகிலின் ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில் சிவப்பாக ஒளிர்கிறது. அந்த ஒளியை மட்டும் விட்டு மற்றதைத் தடுக்கும் வடிகட்டி ஓரளவு கைகொடுக்கும். பழைய சோடியம் விளக்கை வடிகட்டுவது எளிது. எல்லா நிறத்தையும் சிந்தும் எல்இடி விளக்கை முழுதாக வடிகட்ட இயலாது.

மூன்றாவது, படத்தின் இரைச்சல். இதற்குப் பொறுமையே மருந்து. இரண்டு நிமிடப் படங்கள் 64 எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், 64-இன் வர்க்கமூலமான எட்டு மடங்கு தெளிவு கூடுகிறது. அடுக்குவதற்கு டீப் ஸ்கை ஸ்டேக்கர், சிரில் போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

எங்கிருந்து தொடங்கலாம்?

முக்காலியும் சாதாரணக் கேமராவும் இருந்தால் இன்றே ஓரியனைக் குறிவைக்கலாம். சில விநாடிப் படங்களை அடுக்கினாலே வாளின் நடுவில் ஒரு மெல்லிய ஒளிப்புகை தோன்றும். 2023-இல் வெளிவந்த சீஸ்டார் எஸ்50 போன்ற 50 மி.மீ. தானியங்கித் தொலைநோக்கிகள், தேடுதலையும் அடுக்குதலையும் தாமே செய்துவிடுகின்றன. பள்ளி அறிவியல் கழகம் ஒன்று வாங்கிவைத்தால் பல மாணவர்கள் பயன்பெறலாம். தஞ்சோங் பிடாராவில் உள்ள அல்-குவாரிஸ்மி வானியல் வளாகம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. நம் தமிழ்ப்பள்ளி மாணவர்களைச் சுற்றுலாவாக அங்கு அழைத்துச் செல்வது கடினமான செயலன்று.

நண்பர்களே, நம் பாட்டன் பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டக் கிளம்பிய விடியற்காலை இருளில், இந்த வானம் அவர்கள் தலைக்கு மேல் முழுமையாக விரிந்திருந்தது. அவர்களிடம் கருவி இல்லை. நம்மிடம் கருவி இருக்கிறது. இருள்தான் குறைந்துகொண்டே வருகிறது. பெரிய தொலைநோக்கி வாங்கும் நாளுக்காகக் காத்திருந்தால், அதற்குள் காண வேண்டிய வானம் வெளுத்துப் போயிருக்கும். கையில் உள்ள சிறிய கண்ணைக் கொண்டே இவ்வாண்டு பார்க்கத் தொடங்குவோம். பார்த்ததைத் தமிழில் எழுதியும் வைப்போம்.