ஒரே வெள்ளம், வேறு வேறு அலைவரிசை

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் மகாவலி பெருகியது. மாவிலாற்று அணைக்கட்டும் உடைத்துக்கொண்டது. திருகோணமலை மாவட்டத்தில் தோப்பூரைச் சுற்றிய மூதூர், வெருகல், சேருவில மக்களுக்கு வெள்ளம் புதிதல்ல. மகாவலி கடலில் விழும் கடைசிப் பகுதியில் குடியிருப்பவர்கள் அவர்கள். ஆனால் அந்தப் புயலில் நாட்டின் பல இடங்களில் கைத்தொலைபேசிக் கோபுரங்களும் ஓய்ந்துபோயின. மின்சாரம் நின்றால் கோபுரத்துப் பற்றரி எத்தனை மணி நேரம் தாங்கும்?

அப்போது மிஞ்சுவது வயர்லெஸ் செட்தான். பொலிஸிடம் இருக்கிறது, கடற்படையிடம் இருக்கிறது, இராணுவத்திடமும் இருக்கிறது. ஒன்றின் பேச்சு மற்றதற்குக் கேட்காது. 1990 இலக்கத்தில் கூப்பிடும் அம்புலன்ஸ் பெரும்பாலும் தொலைபேசியை நம்பியே ஓடுகிறது. வள்ளத்தோடு முதலில் இறங்கும் மீனவரிடம் கைபேசி இருக்கும். கடல் செட் வைத்திருந்தால் 16ஆம் சனலில் பேசுவார். தரையில் நிற்கும் பொலிஸ்காரருக்கு அது எட்டாது.

பணமில்லாத ஊரின் குறை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2001 செப்டெம்பர் 11, நியூயோர்க். உலக வர்த்தக மையத்தின் தெற்குக் கோபுரம் காலை 9.59க்குச் சரிந்தது. வடக்குக் கோபுரமும் நிலைக்காது என்று பொலிஸ் ஹெலிகொப்டரில் இருந்தவர்கள் கண்டு சொன்னார்கள். அந்தச் செய்தி பொலிஸ் அலைவரிசையோடு நின்றது; உள்ளே ஏறிக்கொண்டிருந்த தீயணைப்பு வீரர்களுக்குப் போகவில்லை. 10.28க்கு அதுவும் விழுந்தது. அன்று மாண்ட தீயணைப்பு வீரர்கள் 343 பேர்.

நம் நாட்டு அனுபவம் வேறு மாதிரி. 2004 சுனாமியில் அம்பாந்தோட்டைத் தொடர்புகள் அறுந்தபோது, விக்டர் குணதிலக்க தலைமையிலான அமெச்சூர் வானொலிக்காரர்கள் சிற்றலை செட்டைக் கொண்டுபோய் இறக்கினார்கள். மறுமுனை, கொழும்பில் பிரதமர் வாசஸ்தலத்திலிருந்த கட்டுப்பாட்டு அறை. ஒரு கார் பற்றரியும் கம்பி அன்ரனாவும் போதும், சிற்றலை மலை தாண்டிப் பேசும். கிழக்கில் அப்படியொரு பழக்கம் வளரவில்லை, எப்படி வளரும்? யுத்த காலத்தில் கையில் செட்டோடு பிடிபட்டவர் வீடு திரும்புவதே சந்தேகம்.

எல்லாருக்கும் ஒரே புதுச் செட் வாங்கும் திட்டம் கேட்க நன்றாக இருக்கும், கோடிகளை விழுங்கும். அதைவிட மலிவான வழி உண்டு. இரண்டு செட்டுகளுக்கு நடுவே ஓர் இணைப்புப் பெட்டி வைத்தால், ஒன்றின் ஒலிபெருக்கியில் வரும் குரல் மற்றதன் மைக்குக்குள் போய்விடும். பெட்டிகூட இல்லையென்றால் ஒரே மேசையில் நாலு செட்டும் நாலு ஆளும். ஒருவர் கேட்டதை அடுத்தவர் சொல்ல வேண்டியதுதான்.

அந்த மேசையில் தமிழும் சிங்களமும் தெரிந்த ஒருவரும் இருக்க வேண்டும். அலைவரிசையை இணைத்துவிடலாம், “பள்ளிக்குப் பின்னால வாய்க்கால் ஓரம் ரெண்டு குடும்பம் நிக்குது” என்று வரும் குரல் கடற்படைச் சிப்பாய்க்குப் புரியாவிட்டால் வள்ளம் வேறு பக்கம்தான் போகும். கிராம சேவகர் சொல்லும் இடப்பெயர்களை முன்கூட்டியே வரைபடத்தில் இரு மொழியிலும் குறித்து வைப்பது மூதூர் பிரதேச செயலகத்தாலேயே முடிகிற வேலை. வடகீழ்ப் பருவமழைக்கு முன், ஒக்டோபரில் ஒரு நாள், மின்சாரத்தை நிறுத்திவிட்டு எல்லாச் செட்டையும் போட்டுப் பார்க்கட்டும். மீனவர் சங்கத்தையும் கூப்பிட்டு.