மருத்துவக் கட்டணம் தள்ளுபடி ஆனால் வருமான வரி உண்டா?

பெங்களூரு: நோயாளி செலுத்த வேண்டிய நிலுவைத் தொகையை மருத்துவமனை தள்ளுபடி செய்தால், அது அவரது வருமானமாகக் கருதப்படுமா? பொதுவாக இல்லை என்பதே பதில். ஆனால், உதவுபவர் யார், உதவி எந்த வடிவில் வருகிறது என்பதைப் பொறுத்து இந்தப் பதில் மாறக்கூடும்.

மருத்துவமனையின் தள்ளுபடி

உறவினர் அல்லாதோரிடமிருந்து ஓராண்டில் இலவசமாகப் பெறும் பணம் மொத்தம் ரூ.50 ஆயிரத்தைத் தாண்டினால், முழுத் தொகையும் வரிக்கு உட்பட்டது. கட்டணத் தள்ளுபடியில் நோயாளியின் கைக்குப் பணம் எதுவும் வருவதில்லை. அவர் செலுத்த வேண்டிய தொகை மட்டுமே குறைகிறது. அதனால் அது பொதுவாக இந்த விதிக்குள் வருவதில்லை.

கடன் தள்ளுபடி தொடர்பாக மகிந்திரா அண்டு மகிந்திரா நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரல் 24 அன்று முக்கியத் தீர்ப்பை வழங்கியது. அந்நிறுவனத்துக்குத் தள்ளுபடி செய்யப்பட்ட சுமார் ரூ.57.74 லட்சம் கடனுக்கு வரி விதிக்க இயலாது என நீதிமன்றம் கூறியது. பின்னர் 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம், தொழில் வழியாகக் கிடைக்கும் பணப் பயன்களையும் வரி வரம்புக்குள் கொண்டுவந்தது. எனினும் அந்தத் திருத்தம் தொழில் வருமானத்துக்கானது. தனிநபர் சிகிச்சைக்காகப் பெற்ற கடனுக்கானது அல்ல.

நன்கொடையில் கவனம் தேவை

பெங்களூருவில் இருந்து இயங்கும் மிலாப் போன்ற இணையத் தளங்கள் வழியாகச் சிகிச்சைக்கு நிதி திரட்டுவோர் கவனிக்க வேண்டிய இடம் இது. முகமறியாத பலர் அளிக்கும் பணம் நோயாளியின் வங்கிக் கணக்குக்கு வந்தால், ரூ.50 ஆயிரம் வரம்பு குறித்த கேள்வி எழும். வருமான வரித் துறையில் பதிவு பெற்ற அறக்கட்டளை வழங்கும் உதவிக்கு பொதுவாக விலக்கு உண்டு.

கொரோனா காலத்தில் இச்சிக்கல் பெரிதானது. சிகிச்சைக்காக நிறுவனங்களும் தனிநபர்களும் அளித்த உதவிக்கு வரி விலக்கு அளிப்பதாக மத்திய அரசு 2021 ஜூன் 25 அன்று அறிவித்தது. இச்சலுகை கொரோனா சிகிச்சைக்கு மட்டுமே. பிற நோய்களுக்குப் பொருந்தாது.

நிறுவனம் கடனை ரத்து செய்தால்

ஊழியரின் சிகிச்சைக்கு அளித்த கடனைப் பணி வழங்கிய நிறுவனமே ரத்து செய்தால், அது சம்பளத்துடன் சேர்ந்த சலுகையாகக் கருதப்பட்டு வரி விதிக்கப்பட வாய்ப்புள்ளது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கு ரத்து செய்யப்படும் கடன் பொதுவாக வருமானமாகவே கருதப்படுகிறது. கொடையாக ரத்து செய்யப்பட்டாலோ, கடனாளியின் சொத்தைவிடக் கடன் மிகுந்திருந்தாலோ விலக்கு உண்டு. எனவே, சமூக ஊடகங்களில் பரவும் அமெரிக்க விளக்கங்களை இந்தியாவுக்கு அப்படியே பொருத்த இயலாது.

செய்ய வேண்டியவை

தள்ளுபடித் தொகை தனியே குறிப்பிடப்பட்ட ரசீதைப் பெற்றுப் பாதுகாக்க வேண்டும். நன்கொடையை நேரடியாக மருத்துவமனைக்கே செலுத்தச் செய்வது, பணம் சிகிச்சைக்கே சென்றது என்பதை நிறுவ உதவும். தள்ளுபடியான தொகையைத் தாமே செலவழித்ததாகக் காட்டி வரிக் கழிவு கோர இயலாது. பெருந்தொகை எனில், கணக்குத் தாக்கலுக்கு முன் பட்டயக் கணக்காளரின் ஆலோசனையைப் பெறுவது நல்லது.