கொடைக்கானலில் காருக்கு ஓய்வு, காலுக்கு வேலை!

சித்திரை வெயில் தார் ரோட்டை இளக்கத் தொடங்கிவிட்டால், சமவெளியில் உள்ள குடும்பங்களில் எல்லாம் ஒரே பேச்சுத்தான்: "இந்த வருஷம் மலைக்குப் போவோமா?" போகிறார்கள், மூன்று நாள் கழித்துத் திரும்பியும் வருகிறார்கள். அங்கே என்ன செய்தார்கள் என்று விசாரித்தால், காரில் போனோம், இறங்கிப் படம் எடுத்தோம், மறுபடி காரில் ஏறினோம் என்கிறார்கள். ஏழாயிரம் அடி உயரத்துக்கு ஏறிப் போய் உட்கார்ந்துகொண்டே இருப்பதற்கு இவ்வளவு பணம் செலவழித்திருக்க வேண்டியதில்லை.

குளிர் ஒரு விந்தை செய்கிறது. மதுரையில் பகல் பன்னிரண்டு மணிக்குத் தெருமுனைக் கடைக்குப் போகத் தயங்குகிறவர், கொடைக்கானலில் மூன்று மைல் நடந்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் போகலாமே!" என்பார். மே மாதத்திலும் அங்கே பகல் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். இந்த உற்சாகத்தை உபயோகித்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கே விடுமுறை முழுதாகக் கிடைக்கிறது.

கலெக்டர் கட்டிய ஏரி

கொடைக்கானல் ஏரி இயற்கையாக உண்டானதல்ல. 1863-ல் மதுரைக் கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் என்பவர், ஓடைகளின் குறுக்கே கரை போட்டு நீரைத் தேக்கினார். முதல் படகையும் அவரே தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். தண்ணீர் பள்ளத்தாக்குகளுக்குள் புகுந்து நின்றதால் ஏரி நட்சத்திரத்தைப் போலக் கை கால்களை நீட்டிக்கொண்டு கிடக்கிறது. பரப்பு சுமார் 60 ஏக்கர்தான். ஆனால் கரையைச் சுற்றி வர 5 கிலோ மீட்டர். எதிரே கூப்பிடு தூரத்தில் தெரியும் மரத்தடிக்குப் போய்ச் சேர அரை மணி ஆகிவிடும். அவசரப்படுகிறவர்களுக்கு இது அலுப்பு. குழந்தைகளுக்கோ, ஒவ்வொரு வளைவிலும் ஏரி புதிதாக இருக்கிறது.

இந்த ஏரிக்கரைச் சாலைக்கு ஒரு சிறப்பு உண்டு. மலையூரில் எங்கே திரும்பினாலும் ஏற்றம் அல்லது இறக்கம்; நீர்மட்டத்தை ஒட்டிப் போகும் இந்தச் சாலை ஒன்றுதான் ஏறக்குறையச் சமதளம். முழங்கால் வலிக்கிற பாட்டியும் நடக்கலாம். ஆகவே, "நீங்கள் ரூமிலேயே இருங்கள்" என்று பெரியவர்களைப் பூட்டிவிட்டுப் போவது அநியாயம். அவர்களுக்குக் காலை ஏழு மணி ஏரிக்கரை. இளைஞர்களுக்கு வாடகைச் சைக்கிள். சைக்கிளை எடுக்குமுன் இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பார்ப்பது நல்லது. படகில் போகிறவர்கள், மிதிபடகோ துடுப்புப் படகோ எதுவானாலும், மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டே ஏற வேண்டும். நீச்சல் தெரியும் என்ற தைரியம் குளிர்ந்த தண்ணீரில் அவ்வளவாக உதவாது.

பொழுதைப் பார்த்துத் திட்டம்

திட்டம் போடுகிறவர்கள் இடங்களின் ஜாபிதாவைப் பார்க்கிறார்களே தவிர, பொழுதைப் பார்ப்பதில்லை. கோடையில் அங்கே காலைதான் தெளிவு. மதியத்துக்கு மேல் மூடுபனி ஏறும். பல நாட்களில் இடியோடு மழையும் கொட்டும். மூன்று மணிக்குத் தூண் பாறைக்குப் போனவர், 400 அடி உயரப் பாறைகளுக்குப் பதிலாக வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். நடை, ஏற்றம், காட்சிமுனை யாவும் முற்பகலில். பிற்பகலுக்குக் கூரையுள்ள இடங்கள், அல்லது நல்ல தூக்கம்.

முதல் நாள் எதுவும் வேண்டாம். வத்தலக்குண்டு தாண்டியதும் தொடங்கும் கொண்டை ஊசி வளைவுகள் பலருக்கு வயிற்றைப் புரட்டிவிடும். அந்த உயரத்தில் காற்றும் லேசு. சமவெளியில் ஒரு மூச்சுக்குக் கிடைப்பதில் நாலில் மூன்று பங்கைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் பிராணவாயு கிடைக்கும். இருதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டே புறப்பட வேண்டும். மற்றவர்கள் மாலையில் கோக்கர்ஸ் வாக்கில் மெல்ல உலாவினால் போதும். 1872-ல் மலையின் விளிம்பை ஒட்டி அமைக்கப்பட்ட இந்த ஒரு கிலோ மீட்டர்ப் பாதையிலிருந்து, மேகம் விலகினால் கீழே சமவெளி விரிந்து கிடப்பது தெரியும்.

இரண்டாம் நாள் ஏரி. மூன்றாம் நாள் வட்டக்கானல் வழியாக டால்பின் மூக்குப் பாறை. இங்கேதான் கணக்குத் தப்புகிறது. போகும்போது இறக்கம், வேர்களில் கால் வைத்துத் துள்ளிக்கொண்டு இறங்கிவிடலாம். திரும்பும்போது அவ்வளவும் ஏற்றம். போக ஆன நேரத்தைப் போல இரண்டு பங்கு திரும்புவதற்கு ஒதுக்க வேண்டும். பாறை நுனியில் தடுப்பு எதையும் நம்பிப் போகக்கூடாது. குழந்தையின் கை பெரியவர் கையில் இருக்கவேண்டும். நாலாவது நாளும் கிடைத்தால் பேரிஜம் ஏரி. அதற்கு வனத்துறையின் அனுமதி தேவை. யானை நடமாட்டம் இருந்தால் வழியை மூடிவிடுவார்கள். ஆகையால் கையில் மாற்றுத் திட்டம் ஒன்று இருக்கட்டும். 1899-ல் ஏற்பட்ட சூரிய ஆராய்ச்சி நிலையம் அதற்குப் பொருத்தம். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை எவர்ஷெட் 1909-ல் கண்டறிந்தது இங்கேதான்.

வேலிக்கு இந்தப் பக்கம்

குணா குகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2006-ல் கேரளத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர் அங்குள்ள குழிக்குள் விழுந்துவிட்டார். நண்பர் ஒருவர் கயிறு கட்டி இறங்கி அவரை உயிரோடு மீட்டார். 2024-ல் வந்த 'மஞ்சும்மல் பாய்ஸ்' படம் அந்தச் சம்பவமே. படத்தைப் பார்த்துவிட்டு அந்த இடத்தைக் காணக் கூட்டம் பெருகியது. காணலாம்; வேலிக்கு இந்தப் பக்கம் நின்று! இறங்கி மீட்க அப்படி ஒரு நண்பர் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

ஊருக்குள்ளேயே காட்டுமாடு உலாவும் இடம் இது. சாதுவாக மேய்கிறதே என்று அருகில் போய்ப் படம் எடுக்கிறவர்கள், அதன் எடை ஒரு டன் வரை இருக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

காருக்கு அனுமதிச் சீட்டு

நெரிசல் தாங்காமல், சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் உதகைக்கும் இ-பாஸ் முறை வந்தது. 2025 கோடையில், வார நாட்களில் 4,000 வாகனம், வார இறுதியில் 6,000 வாகனம் என்று கொடைக்கானலுக்கு வரம்பும் விதிக்கப்பட்டது. சொந்தக் காரில் போகிறவர்கள் புறப்படுவதற்கு முன்பே அப்போதைய விதியைப் பார்த்துக்கொள்வது அவசியம். இல்லாவிட்டால் பாதி வழியில் தகராறு. கொடை ரோடு ஸ்டேஷனில் இறங்கி 80 கிலோ மீட்டர் பஸ்ஸில் ஏறிப் போகிறவருக்கு இந்தக் கவலை இல்லை. வண்டியை எங்கே நிறுத்துவது என்ற தேடலும் இல்லை. நடக்கத்தானே போகிறோம்!

கூட எடுத்துப்போக வேண்டியவை அதிகமில்லை: பிடிப்புள்ள, ஏற்கனவே போட்டுப் பழகிய ஷூ, மழைக்கோட்டு, கம்பளிச் சட்டை, தொப்பி. குளிர்தானே என்று வெயிலை அலட்சியம் செய்யக் கூடாது. உயரம் ஏற ஏற வெயிலின் புற ஊதாக் கதிர் கூடும், முகம் கறுத்துவிடும். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் போதும். சிறு பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு அங்கே தடை இருக்கிறது. அந்தத் தடைக்குக் காரணம் கேட்கிறவர்கள், ஊருக்கு 8 கிலோ மீட்டர் முன்னால் சாலையோரம் விழும் வெள்ளி அருவியில் நின்று பார்க்கலாம். 180 அடி உயரத்திலிருந்து அங்கே விழுவது ஏரியின் உபரி நீர்தான். மேலே ஏரியில் எறிந்தது கீழே அருவியில் வரும்.

திரும்பும்போது மலைப்பூண்டு வாங்கிக்கொள்ளலாம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பல் சிறிது, காரம் அதிகம். காற்றோட்டமாகக் கட்டித் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் கெடாது.