கண் நடந்தால் காலும் நடக்கட்டும்

மெய்நிகர் விளையாட்டு அரங்கம் தொடங்க நினைப்பவர்கள், எந்த ஹெட்செட் வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஹெட்செட் சில ஆண்டுகளில் பழசாகிவிடும். பிடித்த இடமும் அதை அமைத்த விதமும் வாடகை ஒப்பந்தம் முடியும்வரை கூடவே வரும். அந்த அமைப்பைத் தீர்மானிப்பதில் நம் காதுக்குப் பெரிய பங்கு உண்டு.

உட்செவியின் அரைவட்டக் குழாய்கள் தலை திரும்புவதை உணர்கின்றன. அருகிலுள்ள நுண்ணிய செவிக்கற்கள் முன்னும் பின்னும் நகரும் வேகமாற்றத்தை உணர்கின்றன. நாற்காலியில் உட்கார்ந்தபடி விசையை அழுத்தி மெய்நிகர் தெருவில் ஓடினால், 'ஓடுகிறேன்' என்கிறது கண்; 'அசையவே இல்லை' என்கிறது காது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் பிறக்கிறது என்ற கருத்தை ரீசன், பிராண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1975-இல் விரிவாக எழுதினார்கள். தலை திரும்பியபின் காட்சி மாற ஏறக்குறைய 20 மில்லிநொடிக்கு மேல் ஆனாலும் தொல்லைதான். அந்தத் தாமதத்தைக் கருவியால் குறைக்கலாம். நடக்காத காலை எந்தக் கருவியும் நடந்ததாக்காது.

அதனால்தான் 2015-இல் மெல்போர்னில் ஜீரோ லேட்டன்சி நிறுவனம் ஒரு கிடங்கையே விளையாட்டுக் களமாக்கியது. சுமார் 400 சதுர மீட்டர் வெறுந்தரை. ஆறு பேர் முதுகில் கணினியைச் சுமந்து உண்மையாகவே நடந்தார்கள். சுற்றிலும் 129 கேமராக்கள் அவர்களைப் பின்தொடர்ந்தன. கண்ணும் காதும் ஒரே சேதியைச் சொன்னதால் வயிறு அமைதியாக இருந்தது. ஆனால் ஆளுக்கு 700 சதுர அடி! வாடகை கொடுப்பவரின் வயிறு கலங்கும் அளவு அது.

தரையை மிச்சப்படுத்த அறிவியலில் ஒரு வழி இருக்கிறது. நாம் நடக்கும்போது காட்சியை மெல்ல மெல்லத் திருப்பினால், நேராகப் போவதாக நினைத்துக்கொண்டே செக்குமாடு போல வட்டமடிப்போம். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஷரிஃப் ரசாக் 2001-இல் இந்த உத்தியை முன்வைத்தார். ஆனால் ஏமாற்றம் தெரியாமலிருக்க வட்டத்தின் ஆரம் 22 மீட்டராவது வேண்டும் என்று 2010-இல் வெளியான ஜெர்மன் ஆய்வாளர்களின் சோதனை கண்டது. அத்தனை இடம் நகர மால்களில் எளிதில் கிடைக்காது.

இடத்தைச் சுருக்கியவர்களின் கதையையும் பார்க்க வேண்டும். ஐமேக்ஸ் நிறுவனம் 2017 தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸில் சிறு தடுப்பறைகள் கொண்ட மையத்தைத் திறந்தது. 2018 முடிவதற்குள் எஞ்சிய மையங்களையும் மூடுவதாக அறிவித்துவிட்டது. வீட்டு வரவேற்பறையிலேயே கிடைக்கத் தொடங்கிய அனுபவத்துக்கு வெளியே போய்க் கட்டணம் கொடுக்கப் போதுமான பேர் இல்லை என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்கா 2016-இல் ரோலர் கோஸ்டரில் ஹெட்செட் மாட்டிவிட்டது. வண்டி உண்மையாகவே பாய்வதால் காதுக்குக் குறையில்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் துடைத்து, மாட்டி, சரிபார்ப்பதற்குள் வரிசை நீண்டது. சில ஆண்டுகளில் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டார்கள்.

நியூயார்க்கின் மேடம் துசாட்ஸில் 2016-இல் தி வாய்ட் நிறுவனம் செய்தது என்னை மிகவும் கவர்ந்த முயற்சி. மெய்நிகர் சுவர் தெரியும் இடத்தில் நிஜச் சுவரையே நிறுத்தினார்கள். கை நீட்டினால் தட்டுப்படும். காற்று முகத்தில் அடிக்கும். சிறு இடமும் பெரிதாகத் தோன்றும். ஆனால் கதை எழுதுபவர் அந்தச் சுவர்களுக்குள்தான் எழுத வேண்டும். 2020 பெருந்தொற்றில் அரங்குகள் மூடப்பட்டன. இவ்வளவு செலவுபிடிக்கும் அமைப்பு வருமானமின்றி நீண்ட நாள் தாங்காது.

இன்று தொடங்குபவருக்கு வெறுந்தரையையே பரிந்துரைப்பேன். இப்போது ஹெட்செட்டிலேயே உள்ள கேமராக்கள் இடத்தை அறிந்துகொள்வதால் கூரைக் கேமராவும் முதுகுக் கணினியும் தேவையில்லை. கதையை மாற்றினாலும் சுவரை இடிக்க வேண்டாம். 2022-இல் பாரிஸில் தொடங்கிய 'ஹொரைசன் ஆஃப் கூஃபு' என்ற மெய்நிகர் நிகழ்ச்சி வெறுந்தரைக்கு நல்ல சான்று. பிரமிடுக்குள் முக்கால் மணி நேர நடை. ஒரு குழு முடித்து வெளியேறும்வரை அடுத்த குழு காத்திருப்பதில்லை. சிறு சிறு குழுக்களாக அடுத்தடுத்து உள்ளே போகிறார்கள். வேறு குழுவினர் அருகே வந்தால் மோதாமலிருக்க அவர்களின் உருவம் கண்முன் தெரியும். ஒரு குழு அடிவாரத்தில் நிற்கும்போது இன்னொன்று மன்னனின் அறையில் நிற்கும், ஒரே தரையின்மேல். ஆளுக்கு 700 சதுர அடி என்ற கணக்கு அங்கே உடைகிறது.